முன்னச்சு ஆடிய படலம்

"உன் கை ஆடுதா, வண்டி ஆடுதா?"

சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல், அவளுடைய வீட்டுக்காரர் அவளிடம் கேட்ட கேள்வி இது. கேள்விகளுக்கெல்லாம் பேரரசியே, நீ வாழ்க. நீ மட்டும் அந்தத் திருவாயில் பிறக்காமல் போயிருந்தால் இந்த மாபெரும் போர் மூண்டிருக்காது. ஸ்பானர் குலத்தார் பெட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். மாவீரர் இருவரின் சட்டைகளும் எந்தச் சோப்புக்கும் அடங்காத கறையைச் சூடியிருக்க மாட்டா.

மலைமேல் கல்லுடைக்கிற இடத்துக்குத் தண்ணீரும் டீசலும் ஏற்றிப் போகும் லாரி ஒன்று அந்தக் குடும்பத்துக்கு உண்டு. நான்கு சக்கரங்களாலும் மண்ணைக் கவ்வி இழுப்பது, சேற்றை வென்றது, செங்குத்தின் செருக்கை அழித்தது. அதை ஓட்டுகிறவள் அவள். அத்தகைய லாரி, வழியில் ஒரு சின்னப் பள்ளம் குறுக்கிட்டால் போதும், தன் ஸ்டீயரிங்கைக் கடல் கடையும் மத்தாக்கி, இடமும் வலமும் சுழற்றியடித்து, பிடித்திருப்பவளின் தோளைக் கழற்றி அவள் மடியிலேயே வைக்கப் பார்க்கும். நடக்கிற வேகத்துக்கு வண்டியைக் குறைத்தால்தான் அதன் சினம் தணியும். இதைத்தான் அவள் வீட்டில் சொன்னாள். அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. கூடவே தீர்ப்பும் வந்தது: பட்டறை வைத்திருக்கும் அவள் அண்ணன் பார்த்து, வண்டியில் பழுது இருக்கிறது என்று சொன்னால் சரி, இல்லாவிட்டால் நாளைக் காலையிலிருந்து வீட்டுக்காரரின் தம்பி ஓட்டுவான்.

அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் "அதை எடு", "இங்க வா" என்று யாரும் அவளை ஏவுவதில்லை. வீரர்கள் பொருதியது புகழுக்காக. அவளுக்குப் போனால் போவது அந்த இருக்கை.

இனி அந்த அண்ணனாகிய பட்டறையாரைப் போற்றுவோம். கிரீஸ் பூசிய மார்பினர். காதில் பென்சிலும் வாயில் போல்ட்டும் தாங்கியவர். பழுது எதுவென்று தெரியாதபோது குரலை உயர்த்தி அதைத் தெரியவைக்கும் ஆற்றலர். அவருடைய பேராயுதம் ஜாக்கி. எந்த வண்டி வந்தாலும் முதலில் தூக்குவார். தூக்கிய பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து, யானையின் தந்தம் பற்றிய மல்லனைப் போல் உலுக்குவார். ஜாக்கியில் ஏறிய வண்டி, விருந்தாளி முன்னால் நிற்கும் பிள்ளையைப் போல், ரொம்ப யோக்கியமாக நிற்கும்.

"பாத்துட்டேன் மாப்ள. பால் ஜாயிண்ட், டை ராடு, பேரிங் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. போன மாசம் நான் கழட்டி மாட்டின வண்டி. இதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல."

எதிர்ப்படைத் தலைவரான வீட்டுக்காரர் கைகட்டி நின்றார். டயரே உலகின் ஆதிப் பகை என்பது அவர் கொள்கை. முன்டயரைப் பின்னுக்கும் பின்டயரை முன்னுக்கும் மாற்றி, அந்தக் கொள்கைக்காக ஏற்கெனவே இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்.

"அப்ப டயர்தான் மச்சான்."

"டயரைப் பத்தி டயர் கடைக்காரன் பேசட்டும்."

"அப்ப இவதான்."

அவள் தலைகுனிந்து நின்றாள். "ஆடுறது நிஜம் அண்ணே," என்று சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்போது நிகழ்ந்தது அந்த அற்புதம். எத்தனையோ வண்டிகளின் பாரத்தை முனகாமல் சுமந்த ஜாக்கி, வயதின் காரணமாகவோ, பொய்க்கு மேல் பொய் கேட்ட களைப்பாலோ, தன் எண்ணெயை மெல்லக் கசியவிட்டு, முடிசாயும் மன்னனைப் போலத் தாழ்ந்து தாழ்ந்து, லாரியைத் தரையிலேயே இறக்கிவைத்தது.

"மொதல்ல உங்க ஜாக்கி ஆடுது மச்சான்," என்றார் வீட்டுக்காரர்.

ஜாக்கியிழந்த வீரருக்கு ஒரே வழிதான் மிச்சம். வண்டி தன் காலிலேயே நிற்கட்டும், இன்ஜின் ஓடட்டும், ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இங்கும் அங்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும், இன்னொருவர் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டாக, எது தேவையில்லாமல் அசைகிறது என்று பார்க்கட்டும். ஆனால் கீழே படுப்பதல்லவா வீரம். மேலே சும்மா உட்கார்ந்து ஆட்டுவதற்கு இரு பெருமான்களில் எவரும் பிறக்கவில்லை. மாமலைக் குகைக்குள் ஒரே நேரத்தில் புகும் இரண்டு கரடிகளைப் போல, இடப்பக்கமாக ஒருவரும் வலப்பக்கமாக ஒருவரும் லாரிக்கு அடியில் நுழைந்தார்கள். நடுவில் இருவர் நெற்றியும் முட்டிக்கொண்ட ஓசை பட்டறைத் தகரங்களில் எதிரொலித்தது.

"பாப்பா, மேல ஏறி உக்காந்து சும்மா ஆட்டு. நீ அது செஞ்சா போதும்," என்றார் அண்ணன்.

அவள் ஏறி உட்கார்ந்து ஆட்டினாள். கியர்த்தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்திருந்ததால், கீழே நடந்த பெரும்போர் அவள் காலடியிலேயே கேட்டது. டை ராடு ஆராயப்பட்டது. குற்றமற்றது என விடுவிக்கப்பட்டது. ஸ்டீயரிங் பெட்டி பரிசோதிக்கப்பட்டது. "முழங்கையை எடுங்க மச்சான், கண்ணுல படுது." "உன் கண்ணை யாரு இங்க கொண்டுவரச் சொன்னா?" பிறகு, "கடக், கடக்" என்று ஒரு சத்தம். அவள் இடப்பக்கம் திருப்பினால் ஒரு கடக். வலப்பக்கம் திருப்பினால் ஒரு கடக். மலைப்பாதையில் அவள் உள்ளங்கை வழியாகக் கேட்டுப் பழகிய அதே சத்தம்.

கீழே இரண்டு தலைகளும் அந்தக் கடக்கை நோக்கித் திரும்பின.

முன்னச்சு பக்கவாட்டில் நழுவாமல் அதை வண்டியின் சட்டத்தோடு கட்டிப்போட்டிருக்கும் குறுக்குக் கம்பி, நுனித் துளையில் மெத்தைபோல் இருந்த ரப்பர் புஷ் கிழிந்து, துளைக்குள் விரல் அளவுக்கு ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. அதை இறுக்கிய நட்டின் தலையில் மஞ்சள் பெயிண்ட் ஒரு பொட்டு. தாம் முடுக்கும் நட்டுக்கெல்லாம், புலவன் கடைசி அடியில் பெயர் வைப்பது போல, மஞ்சள் பொட்டு வைப்பது பட்டறையாரின் வழக்கம். தரையில் இறக்கி, பாரம் அமர்ந்த பிறகு முடுக்க வேண்டிய நட்டு அது. அவரோ, ஜாக்கியின் மேலிருந்த பேரன்பால், வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே முடுக்கியிருக்கிறார். இறங்கிய கணத்திலேயே உள்ளிருந்த ரப்பர் முறுக்கிக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்தது.

வீட்டுக்காரரும் பொட்டைப் பார்த்தார். மச்சானை வாழ்நாள் முழுக்க மட்டந்தட்டப் போதுமான பொட்டு அது. ஆனால் பெருந்தகை யோசித்தார். பழுது வண்டியில் என்றால், கேட்ட கேள்வி என்னாவது? கொடுத்த தீர்ப்பு என்னாவது? தம்பியிடம் வாக்கு வேறு கொடுத்தாயிற்று. இரு வல்லரசுகள் சொட்டும் எண்ணெய்க்குக் கீழே, மல்லாந்த நிலையில், உடன்படிக்கை செய்துகொண்ட அந்தப் பொன்னான வேளையை என்னென்று புகழ்வது.

"புஷ்ஷு போயிருக்கு மாப்ள. கண்ட பள்ளத்துலயும் போட்டு அடிச்சா எதுதான் தாங்கும்?"

"அதத்தான் நானும் அப்பலருந்து சொல்றேன் மச்சான். பொம்பள கை."

"மாத்திடலாம். நாளைக்குத் தம்பிய வரச்சொல்லு."

மேலே அவள் கைகள் ஸ்டீயரிங்கில் இருந்தன. அவை ஆடவில்லை.

"பாப்பா, இன்னொரு தடவ ஆட்டு," என்று பாதாளத்திலிருந்து எழுந்தது வெற்றிமுழக்கம். மறுபடியும் எழுந்தது. "என்ன, காது கேக்கலயா?" என்று மற்றொரு சிங்கம் சேர்ந்து கர்ச்சித்தது. திசைகள் அதிர்ந்தன, தகரக்கூரை நடுங்கியது, ஆட்டத்தான் ஆளில்லை.

அவள் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, இறங்கிப் போய்விட்டாள்.