கோடு துள்ளுது!

"அப்பா, துள்ளுது! எங்கேயோ மடங்குது!" என்று மடிக்கணினி முன்னால் இருந்து மகள் கூவினாள்.

ஆராய்ச்சியாளருக்கு வியர்த்துக் கொட்டியது. தொலைந்தது ஒரு கருப்புத் துணி. சட்டைக் காலருக்குள் வைத்துத் தைப்பார்களே, அந்த மாதிரி நெய்யாத துணி. மேலே கிராஃபீன் என்ற மெல்லிய கரிப் பூச்சு. இழுத்தாலும் மடக்கினாலும் அதில் ஓடும் மின்சாரம் மாறும். ஓரத்தில் ஒட்டிய பட்டன் அளவுக் கருவி அதைக் கணினிக்கு அனுப்ப, திரையில் கோடு துள்ளும். முட்டி வலிக்காரர்களின் நடையை அளக்க மூன்று வருடம் மாரடித்துச் செய்தது. நாளைக் காலை இயக்குநரிடம் காட்டாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழாதான்.

"தலையணைக்குள்ள போயிருக்குமோ?" என்று மனைவி வாயைக் கொடுத்தாள். அடுத்த நிமிடம் கூடமெல்லாம் பஞ்சு.

சோபாவைக் கவிழ்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

"அப்பா, எகிறுது!"

"கிட்ட வந்துட்டேன்!" என்று கட்டிலையே பிரித்துப் போட்டார்.

"மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தார் மாமனார். ஓய்வுபெற்ற தையல்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"மாமா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க! யாரும் அசையாதீங்க. யார் மேலயோதான் ஒட்டிக்கிட்டிருக்கு."

மூன்று பேரும் சிலையாய் நின்றார்கள். அவர் மட்டும் ஒவ்வொருவரையும் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து நிமிர்ந்து தேடினார்.

"இப்பவும் துள்ளுதுப்பா."

"யாருமே அசையல, இது மட்டும் ஆடுதா? அப்போ சென்சாரே கோளாறு! மூணு வருஷமும் வீண்!"

பஞ்சுக்கு நடுவில் தொப்பென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. இயக்குநரைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தார். மனைவிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டாள்.

"விடுங்க. உங்களால முடியாததா? இன்னொன்னு செஞ்சுக்கலாம்."

"அப்பா, இப்போ கோடும் படுத்துடுச்சு" என்றாள் மகள்.

மாமனார் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"இப்பவாவது பேசலாமா மாப்பிள்ளை? பின்பக்கம் கிழிஞ்சிருக்குன்னு நீங்க போட்டிருக்கிற இந்தப் பேண்ட்டை மத்தியானம் தைக்கக் குடுத்தீங்களே... மேசை மேல கிடந்த கருப்புத் துணி நல்லா இழுத்துக் குடுக்குதேன்னு, அதைத்தான் உள்ளே வச்சுத் தைச்சேன்."