வாளி ஏந்திய வீரன்

"ட்ர்ர்ர்ர்ர்..."

துணி கிழியும் சத்தம். சமையலறையில் தேநீர் வடித்துக்கொண்டிருந்த எனிட், தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தாள்.

"ஹெர்பர்ட், எந்தத் தலையணை?"

"பழசுதான் கண்ணு!"

"பழசுன்னா? எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்ல ரொம்பப் பழசு நீதான்."

ஹெர்பர்ட் ஸ்கெல்டன் தலையணையிலிருந்து இன்னொரு பிடி பஞ்சைப் பிடுங்கினார். புகைக்குப் பஞ்சு போதாமல் போனால் மனிதன் எதைத்தான் கிழிக்கமாட்டான்? மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேசை அவருடைய பொம்மை விமானத்தளமாகியிருந்தது. கணவனும் மனைவியும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். மேசை நடுவே முழ நீளப் புல்வெளி, அதில் மூக்கு மண்ணில் குத்தி நிற்கும் கையகல விமானம். இன்ஜினுக்கு அடியில் மினுங்கும் குட்டி பல்புகள். மேலே கம்பியில் சுற்றிய பஞ்சு, அடியில் ஆரஞ்சு, நடுவில் கறுப்பு, உச்சியில் சாம்பல். சுவிட்சைப் போட்டால் நமக்கே இருமல் வரும்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கோடை. லிங்கன்ஷயர் விமானத்தளத்தின் திருவிழா நாள். வெட்டிய புல் வாசனை, பேண்டு வாத்தியம், டீக்கூடாரம். இறங்கிய விமானம் ஒன்று தீப்பிடித்தது. பத்தொன்பது வயது ஹெர்பர்ட் வாளித் தண்ணீரோடு பாய்ந்து, விமானியை இழுத்துப் போட்டான். மதுக்கடையில் அவர் இதைச் சொல்லச் சொல்ல விமானத்துக்கு இன்ஜின் கூடிக்கொண்டே போனது. அன்று கூட இருந்த நண்பர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. ஓடுபாதையில் உருளைக்கிழங்கு விளைகிறது. அந்த நாள் எங்காவது மிச்சமிருந்தால், அது இந்த மேசைமேல்தான்.

ஒரே ஒரு சிக்கல். பொம்மை மனிதர்கள் விரல்நக உயரம். ஹெர்பர்ட்டின் கண்ணுக்கு அவர்கள் அரிசி. கேக்குக்குச் சர்க்கரைப் பூ வைத்துப் பழகிய எனிட்டின் கைதான் வண்ணம் பூச வேண்டும்.

"முன்னால வாளியோட ஓடுறது நான். நெஞ்சை நிமிர்த்தி வை."

"சரி. அன்னிக்கு டீ ஊத்தின நான் எங்க இருக்கேன்?"

"நீ டீ மேசைகிட்ட நின்னு கத்திக்கிட்டிருந்தே."

தூரிகை ஒரு நொடி நின்றது.

"கத்திக்கிட்டா?"

"பொம்பளைப் பிள்ளைதானே. பயந்திருப்பே."

"ஆமாமா. பயந்துதான் இருப்பேன்," என்றாள் எனிட், மிக இனிமையாக. அந்த இனிமையைக் கேட்டு அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, பொம்மை மாடல் செய்வோர் சங்கத்தின் கண்காட்சி. நடுவர் கௌல்டிங் எப்போதும்போல் சின்ன டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக வந்தார். புகையைப் பார்த்தார். "அருமை!" தீயைப் பார்த்தார். "பிரமாதம்!" பிறகு குனிந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஸ்கெல்டன், இந்த வாளிக்காரப் பொண்ணு யாருப்பா? பூப்போட்ட கவுன், ஏப்ரன், என்ன வேகம்!"

"பொண்ணா?"

ஹெர்பர்ட் பூதக்கண்ணாடியைப் பிடுங்கினார். நெஞ்சை நிமிர்த்தி வாளியோடு ஓடுவது எனிட். டீ மேசை விரிப்புக்கு அடியிலிருந்து இரண்டு காலணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

கூட்டம் கூடிவிட்டது. பக்கத்தில் எனிட், கைப்பையைப் பிடித்தபடி, தேவாலயத்தில் நிற்பதுபோல் நின்றாள். அவர் பூதக்கண்ணாடியை நடுவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அது... என் மனைவி," என்றார் ஹெர்பர்ட்.

கைதட்டல்.

"அப்ப மேசைக்கடியில?" என்றார் நடுவர்.

"காலை மட்டும் வெச்சு ஆளை எப்படிங்க சொல்றது?" என்றார் ஹெர்பர்ட் அவசரமாக.

கோப்பை அவருக்கே கிடைத்தது. 'மனித உணர்வைச் சித்திரித்ததற்காக' என்று நடுவர் அறிவித்தார்.

வீட்டில் எனிட் பாத்திரம் கழுவினாள். அவர் துவாலையோடு பக்கத்தில் நின்றார்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல எனிட்?"

"நீ அழகாச் சொல்லிக்கிட்டிருந்தே, கேக்க நல்லாருந்துச்சு. கத்தினேன்னு சொன்னே பாரு, அதான் தாங்கல."

"பயந்துட்டேன் அன்னிக்கு."

"தெரியும் கண்ணு. விமானி நான் கூப்பிட்டதும் தானே வெளியே வந்துட்டாரு. மேசைக்கடியிலருந்து உன்னை இழுக்கத்தான் ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு."

ஹெர்பர்ட் அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தார்.