டாக்டர் லோர்னா தன்மேல் கொடுத்த புகார்

அமெரிக்காவின் நடுவயிற்றில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு மாநிலம். பெயர் வேண்டாம், அவர்களிடம் வக்கீல்கள் அதிகம். பொதுமக்களின் பார்வையைக் காக்கும் பொருட்டு அம்மாநிலத்துக் கண் பரிசோதகர் வாரியம் ஒரு விதி செய்திருந்தது. உரிமம் பெற்ற ஒவ்வொருவரும் இரண்டு வருடத்துக்குள் முப்பது மணி நேரம் தொடர்கல்வி கற்க வேண்டும். அதில் இரண்டு மணி நேரம் கண் அழுத்த நோய்க்கு. கற்காவிட்டால் உரிமம் காலி. நியாயம்தானே? அறிவு வளரும்போது கண் பரிசோதகரும் கூடவே வளர வேண்டாமா?

எல்ம்வால் ஊரில் கண் பார்க்க இருந்த ஒரே ஆள் டாக்டர் லோர்னா ஹாகன். அவர் இருபத்தெட்டு மணி நேரம் நன்றாகவே வளர்ந்திருந்தார். ஆட்டுக்குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு யோகா செய்தபடி கண் சிமிட்டும் பயிற்சிக்கு மட்டும் நான்கு மணி நேரம். இப்போது அதுதான் மோஸ்தர். கண் அழுத்த நோய்க்கான இரண்டு மணி நேரம்தான் குறைந்தது. மாநிலத்தில் அதற்கு ஒரே ஒரு வகுப்புதான். அதை வருடா வருடம் எடுப்பவர் லோர்னா.

மாதக் கடைசியில், மாநிலத்தில் எல்லோருக்கும் போலவே, லோர்னாவின் உரிமம் முடிகிறது. அது போனால் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்வின் முதல் ஊரே கண் காட்ட இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், அதுவும் தெரியாத கண்ணோடு. வாரியச் செயலாளர் மெர்ல் ஒப்டாலுக்கு லோர்னா போன் போட்டார். மெர்லும் உரிமம் பெற்ற கண் பரிசோதகர்தான்.

“மெர்ல், அந்த வகுப்பை எடுத்ததே நான்தானே? என் கணக்குல ரெண்டு மணி நேரத்தை ஏத்திடுங்க.”

“அதெப்படி டாக்டர்? கல்வின்னா காதால கேக்கறது. நீங்க வாயால பேசியிருக்கீங்க.”

“முன் வரிசையில நீங்க குறட்டை விட்டீங்களே, உங்களுக்கு ஏறிச்சா?”

“ஏறிச்சு. தூங்கினாலும் காது திறந்துதானே இருக்கும்?”

“சரி, விலக்காவது குடுங்க.”

“விலக்குக்கு மூணே காரணம்தான். கடும் நோய், போர்முனை, இல்லேன்னா வகுப்பே கிடைக்கலைன்னு இருக்கணும். நீங்க அந்த ஹால்லயேதானே இருந்தீங்க! கிடைக்கலைன்னு எந்த வாயால சொல்வீங்க?”

ஆனாலும் மெர்ல் இரக்கமுள்ளவர். நான்கு வருடம் முன்பு வீடியோவாகப் பதிவு செய்த அதே வகுப்பு வாரியத்தின் தளத்தில் இருப்பதாகவும், அதைப் பார்த்துத் தேர்வு எழுதினால் போதும் என்றும் வழி சொன்னார்.

லோர்னா காபியோடு உட்கார்ந்தார். திரையில் கொஞ்சம் இளைய லோர்னா பேசத் தொடங்கினார். அவ்வப்போது ‘இருக்கிறீர்களா?’ என்று ஒரு பொத்தான் வரும்; அதை அழுத்த வேண்டும். வரவேற்பறையிலிருந்து உதவியாளர் டார்லா எட்டிப் பார்த்தபோது டாக்டரின் தலை மேஜைமேல் கிடந்தது.

“டாக்டர்! இருக்கீங்களான்னு கேக்குது. இருக்கீங்களா, இல்லையா?”

தங்கள் வருகை உறுதி செய்யப்படவில்லை என்றது திரை. லோர்னாவுக்கு உண்மையாகவே மனசு வலித்தது. இத்தனை வருடமாக இப்படியா பேசித் தொலைத்தோம்? மறுமுறை நின்றுகொண்டே பார்த்து முடித்தார். தேர்விலே, புதிதாகக் கண் அழுத்த நோய் தெரிந்தால் முதல் சிகிச்சை என்ன என்று ஒரு கேள்வி. லேசரில் தொடங்கலாம் என்று குறித்தார். தோல்வி.

“மெர்ல், நான் எழுதினதுதான் சரி. சொட்டு மருந்துலதான் ஆரம்பிக்கணும்னு வீடியோவுல அந்தம்மா சொல்றது பழைய பாடம்.”

“அந்தம்மா நீங்கதானே?”

“நாலு வருஷம் முந்தின நான்.”

“ஆசிரியர் சரியில்லைன்னா மாணவர் புகார் குடுக்கலாம் டாக்டர். எல்லாத்துக்கும் வழி இருக்கு.”

லோர்னா தன்மேல் புகார் கொடுத்தார். மாதத்தின் கடைசி நாள் தலைநகரில் விசாரணை. புகார்தாரருக்கு ஒரு நாற்காலி, எதிர்த்தரப்புக்கு ஒரு நாற்காலி. லோர்னா அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்குமாக மாறி மாறி உட்கார்ந்தார்.

“எதிர்த்தரப்பை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார் வாரியத் தலைவர்.

“ஓரளவுக்கு.”

புகார் நிரூபணமாயிற்று. மேற்படி வகுப்புக்கு வழங்கிய அனுமதி ஆதியிலிருந்தே செல்லாது என்று வாரியம் ஒருமனதாகத் தீர்மானித்தது. ஆக, மாநிலத்தில் வகுப்பே கிடையாது. வகுப்பே கிடைக்காத டாக்டர் லோர்னாவுக்கு அங்கேயே விலக்கு வழங்கி, கைகுலுக்கி அனுப்பினார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் மெர்லுக்குப் புரை ஏறியது. வகுப்பே செல்லாது என்றால் அதில் உட்கார்ந்தவர்களின் மணி நேரம்? விலக்குக்கு மனுப்போடும் கெடு ஐந்து மணியோடு முடிந்திருந்தது. விடிந்தபோது மாநிலத்தில் லோர்னா ஒருவரைத் தவிர, வாரியத் தலைவர் உட்பட, யாருக்கும் உரிமம் இல்லை.

“டாக்டர், இன்னைக்கே ஒரு வகுப்பு எடுத்துக் காப்பாத்துங்க. அனுமதியை நேத்துத் தேதி போட்டு எழுதி வெச்சுட்டேன்” என்று போனில் கெஞ்சினார் மெர்ல்.

“என் கணக்குல ஏறுமா?”

“நீங்க பேசுவீங்களே டாக்டர்...”

ஓட்டல் ஹால் நிரம்பி வழிந்தது. மதியம் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும், தொட்டுக்கொள்ள சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டியும். லோர்னா படம் போட்டு, லேசரைப் பற்றி உயிரைக் கொடுத்து விளக்கினார். பாதிப் பேர் போனில் கால்பந்து பார்த்தார்கள். மெர்ல் காலை வணக்கத்திலேயே தூங்கியிருந்தார். லோர்னாவுக்குச் சுர்ரென்று வந்தது.

“ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி, ரெண்டு கண்ணுலயும் மும்மூணு சொட்டு மக்காச்சோளப் பாகு விடணும்” என்றார்.

சிரிப்புக்காகக் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் கை தூக்கினார்.

“காலையிலயா, ராத்திரியா?”

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி.”

அவர் எழுதிக்கொண்டார். எல்லோருக்கும் இரண்டு மணி நேரம் ஏறியது, உரிமமும் உயிர் பெற்றது. அடுத்த வாரம் வாரியத்தின் கல்விக் குழு அந்த வகுப்பின் பதிவைத் தளத்தில் ஏற்றி, அதிலிருந்து ஒரு சொல் பிசகாமல் புதிய தேர்வையும் தயாரித்தது.

இரண்டு வருடம் கழித்து, பாடம் நடத்திய குற்றத்துக்காக லோர்னாவுக்கு மறுபடியும் இரண்டு மணி நேரம் குறைந்தது. பதிவை நின்றுகொண்டே பார்த்தார். முதல் சிகிச்சை என்ன? சொட்டு மருந்து, லேசர், மக்காச்சோளப் பாகு. இந்தக் கேள்விக்கு இதுவரை மாநிலத்தில் ஒருவரும் தவறவில்லை என்று மெர்ல் பெருமையோடு குறிப்பு எழுதியிருந்தார்.

மறுபடியும் ஒரு புகார் கொடுக்கலாம். மறுபடியும் இரண்டு நாற்காலி. டார்லா கதவைத் திறந்தாள்.

“டாக்டர், ஆர்வின் வந்து ரொம்ப நேரமாச்சு. வெளியில உக்கார இடமில்ல. இன்னைக்குப் பாப்பீங்களா, மாட்டீங்களா?”

லோர்னா மக்காச்சோளப் பாகைக் குறித்தார்.

தங்கள் அறிவு இன்றைய தேதிவரை புதுப்பிக்கப்பட்டது என்று திரை வாழ்த்தியது. லோர்னா கையைக் கழுவிக்கொண்டு ஆர்வினை உள்ளே அனுப்பச் சொன்னார்.