மாதிரி நோயாளியின் நெஞ்சு வலி

மூன்றாவது மாணவன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த சமயத்தில்தான் மாதிரியாருக்கு உண்மையாகவே நெஞ்சு வலிக்க ஆரம்பித்தது.

அதுவரை வலிப்பதாக நடித்துக்கொண்டிருந்தார். அதுதான் அவர் வேலை. மருத்துவக் கல்லூரியில் தேர்வு நடக்கும் நாட்களில் நோயாளியாகக் கட்டிலில் படுத்திருப்பார். மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து விசாரிப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், ஆறுதல் சொல்வார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர்கள் மதிப்பெண் போடுவார்கள். இப்படிப் படுப்பவருக்கு மாதிரி நோயாளி என்று பெயர். கல்லூரியில் எல்லோரும் அவரை மாதிரியார் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் அவர் நாடக நடிகர். கதாநாயகன் வேஷம் ஒருநாளும் கிடைத்ததில்லை. கதாநாயகனுக்கு அப்பாவாக வந்து இரண்டாவது காட்சியிலேயே செத்துப் போவார். ஆனால் சாவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். நாடகக் கம்பெனி படுத்த பிறகு அந்தத் திறமைதான் அவரை இங்கே கொண்டுவந்து படுக்க வைத்தது.

இன்றைய பாத்திரம் சற்று நுட்பமானது. நோயாளிக்கு இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மாரடைப்பு வந்துவிட்டது என்று நம்பிப் பதறுகிறார். "நிஜமாவே வலிக்குது, என்னை நம்புங்க" என்று கெஞ்சுவார். கட்டிலோரத்துக் கோப்பில், இதயம் நன்றாக இருக்கிறது என்று காட்டும் பரிசோதனைத் தாள் இருக்கிறது. மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அவரைப் பரிவோடு அமைதிப்படுத்த வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண்.

மூன்றாவது மாணவன் கோப்பைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஐயா, என்ன பண்ணுது?"

"நெஞ்சு... யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. தம்பி, நிஜமாவே வலிக்குதுப்பா."

சொன்ன பிறகுதான் மாதிரியாருக்குச் சங்கடம் புரிந்தது. வசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"பயப்படாதீங்க. உங்க இதயம் நல்லா இருக்கு. மனசுதான் பதறுது. மூச்சை மெதுவா இழுத்து விடுங்க, பார்க்கலாம்."

"இல்லப்பா, இது நடிப்பு இல்ல."

"நடிப்புன்னு நான் சொல்லலையே ஐயா. உங்க வலி உங்களுக்கு உண்மை. நான் புரிஞ்சுக்கிறேன்."

எவ்வளவு நல்ல பிள்ளை! அவன் வாயைப் பொத்த வேண்டும் போல மாதிரியாருக்கு ஆத்திரமாக வந்தது. மூலையில் பெரிய பேராசிரியர் தலையை ஆட்டியபடி முழு மதிப்பெண் போட்டார்.

மாணவன் வெளியே போனதும் மாதிரியார் முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"ஐயா, எனக்கு உடம்பு சரியில்ல. தேர்வை நிறுத்துங்க."

பெரிய பேராசிரியர் பக்கத்தில் இருந்த துணைத் தேர்வாளரிடம் திரும்பினார். அந்த அம்மாள் வேறொரு கல்லூரியிலிருந்து வந்திருந்தவர். "பார்த்தீங்களா? இடைவேளையில கூட வேஷத்தைக் கலைக்க மாட்டார். எங்க சொத்து இவர்."

"பிரமாதம். நெத்தியில வேர்வை கூட வருதே!"

"அது மேடைப் பழக்கம்மா. நெனச்சா வேர்க்கும், நெனச்சா காயும்."

தேர்வை நிறுத்த ஒரு சைகை ஏற்பாடாகி இருந்தது. மாதிரி நோயாளிக்கு ஏதாவது தொல்லை என்றால் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். மாதிரியார் தூக்கப் பார்த்தார். தோளிலிருந்து விரல்நுனி வரை ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. இடது கை படுக்கையை விட்டு நகரவில்லை. வேறு வழியில்லாமல் வலது கையைத் தூக்கினார்.

"தண்ணி கேக்கிறார்," என்றார் பெரிய பேராசிரியர்.

தண்ணீரோடு வந்த அறைப் பணிப்பெண்ணின் கையை மாதிரியார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அம்மா, என் வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் போன் போட்டுக் குடு."

அவள் தன் கைப்பேசியிலேயே போட்டுக் காதருகில் பிடித்தாள்.

"என்னங்க, தேர்வு நேரத்துல போன்?" என்றாள் மனைவி. "இன்னைக்கு எதுல சாகுறீங்க?"

"நெஞ்சு வலி."

"நல்லது. போன தடவை சிறுநீரகம்னு ராத்திரி முழுக்க முனகிப் பழகி என்னைத் தூங்கவிடலை."

"இது நிஜம்டி."

"அதையும் ஒத்திகை பார்க்கணுமா? நான் துணி ஊறவச்சிருக்கேன். வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க." இணைப்பு அறுந்தது.

பணிப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சம்சாரத்துக்கிட்டகூட நடிச்சுப் பார்க்கிறீங்களே ஐயா! எனக்கே அழுகை வந்துடுச்சு."

புலி வருது, புலி வருது என்று ஆயுள் முழுக்கச் சொல்லிச் சம்பாதித்தவருக்குப் புலி வந்தே விட்டது.

நான்காவது மாணவி வந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பேசினால்தானே வசனம்? எழுந்து நடந்து வெளியே போய்விடுவது. வராந்தாவில் யாராவது உண்மையான டாக்டர் அகப்படாமலா போவார்? காலைத் தரையில் ஊன்றினார். தரை ஊஞ்சல் போல ஆடியது.

மாணவி ஓடி வந்து தோளைத் தாங்கிக்கொண்டாள். "எங்க போறீங்க அப்பா? நான் இருக்கேன்ல?" என்று பூவைக் கூடையில் வைப்பது போல அவரைப் படுக்க வைத்தாள். நோயாளி எழுந்து ஓட முயலலாம், தடுத்து உட்கார வைக்க வேண்டும் என்பதும் பாத்திரக் குறிப்பில் இருந்தது. அவளுக்கும் முழு மதிப்பெண்.

அடுத்து வந்தவனிடம் அவர் வாயே திறக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"மௌனம்!" என்று பெரிய பேராசிரியர் தொடையில் தட்டினார். "இதைக் குறிப்புல நான் எழுதவே இல்லை. அவரே சேர்த்துக்கிட்டார்!"

பிறகு தேநீர் வந்தது. பெரிய பேராசிரியருக்குத் தேநீர் குடிக்கும்போது மருத்துவக் கல்வியின் வரலாறு சொல்லியாக வேண்டும்.

"ஒரு காலத்துல எப்படிப் பாடம் நடத்தினாங்க தெரியுமாம்மா? பேராசிரியர் உயரமான நாற்காலியில உக்காந்து ஆயிரம் வருஷத்துக்கு முந்தின புத்தகத்தை வாசிப்பார். கீழ பிணத்தை அறுக்கிறது வேற ஆள். பேராசிரியர் இறங்கி வந்து தொடவே மாட்டார். புத்தகத்துல ஒண்ணு இருக்கும், உடம்புல வேற ஒண்ணு இருக்கும். அப்போ என்ன சொல்லுவாங்க?"

"என்ன சொல்லுவாங்க?"

"உடம்பு தப்புன்னு சொல்லுவாங்க!"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"அப்புறம் எத்தனையோ தலைமுறை கழிச்சுத்தான் மாணவர்களைக் கட்டிலோரத்துக்குக் கூட்டிட்டு வந்தாங்க. பாரு, தொடு, தட்டு, கேளு. நோயாளிதான் புத்தகம். நம்ம தேர்வே அதுல இருந்து வந்ததுதான்."

"ஐயா..." என்றது கட்டிலில் இருந்து ஒரு குரல். "நான் செத்துக்கிட்டு இருக்கேன்."

பெரிய பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பாத்திரக் குறிப்பைப் புரட்டினார். "சாகிற கட்டம் இதுல இல்லையே ஐயா. பதற்றம் மட்டும்தான். கொஞ்சம் குறைச்சுக்குங்க."

மாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை மேடைகளில் எத்தனை விதமாகச் செத்திருப்பார்! கத்தியால், விஷத்தால், மகன் சொன்ன ஒரே சொல்லால். ஒவ்வொரு தடவையும் திரை விழுந்ததும் எழுந்து, தூசி தட்டி, சாப்பிடப் போனார். நிஜச் சாவுக்கு இப்படி ஒரு வாசனை உண்டென்று அவருக்கு அப்போது தெரியாது. சுத்தம் செய்யும் மருந்தின் நெடியும், ஆறிப்போன தேநீரின் நெடியும் கலந்திருந்தன. மேடையில் சாகும்போது யாராவது மடியில் தலையை வைத்துக்கொள்வார்கள். இங்கே தலையணை உறைதான். வீட்டில் அவள் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். சோப்பு வரும் என்று வாசலைப் பார்ப்பாள். அந்த நினைப்பு வந்ததும், நெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் இன்னும் அழுத்தி உட்கார்ந்தான்.

கதவு திறந்தது. கடைசி மாணவி.

இந்தத் தேர்வில் இரண்டு முறை தோற்றவள். நேராகக் கட்டிலுக்கு வந்தாள். பரிசோதனைக் கோப்பை எடுத்தாள், திறக்காமலே மேஜையில் வைத்தாள். மாதிரியாரைப் பார்த்தாள்.

"அம்மா..." என்றார் அவர். அதற்குமேல் வசனமும் இல்லை, மூச்சும் இல்லை. "போயிடுவேன் போல இருக்கு."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவுதான். கண்கள் அகன்றன. முகத்தில் ரத்தம் ஏறியது. கட்டில் சக்கரத்தின் பூட்டை எட்டி உதைத்தாள்.

"இந்த உயிர் என் கையில இருக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பணிப்பெண் கையில் இருந்த தட்டு நழுவியது. "ஐயா, என்னைப் பாருங்க! என் கண்ணைப் பாருங்க! உங்களை நான் சாக விடமாட்டேன்! வழி... வழி விடுங்க!"

கட்டில் கதவில் ஒரு முட்டு முட்டி வராந்தாவுக்குப் பாய்ந்தது. பெரிய பேராசிரியர் வாயைத் திறந்தார். ஆனால் கட்டில் தேர்வறையைத் தாண்டக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. அதனால் திறந்த வாயோடும் மதிப்பெண் அட்டையோடும் பின்னாலேயே ஓடினார். அவர் பின்னால் துணைத் தேர்வாளர். அவருக்குப் பின்னால் பணிப்பெண். வராந்தாவில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

மாதிரியாருக்குக் கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே ஓடின. அவளுடைய கண்ணீர் அவர் நெற்றியில் சொட்டியது. அறுபத்தைந்து வயதில் முதல்முறையாக ஒருத்தி தன்னை நம்பிவிட்டாள் என்ற நிம்மதியில் நினைவு தப்பினார்.

அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் யார், என்ன என்று கேட்கவில்லை. மார்பில் ஒயர்களை ஒட்டினாள், ஓடிய தாளை ஒரு பார்வை பார்த்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்கள்.

கண் விழித்தபோது மனைவி பக்கத்தில் இருந்தாள். துவைத்துக் காயாத சேலைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்திருந்தது.

"சோப்பு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டேனே, பாவி," என்றாள்.

"வாங்கலையே," என்றார் அவர்.

அவள் அடிக்கக் கையை ஓங்கினாள். பிறகு அந்தக் கையை அவர் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் எடுக்கவில்லை.

மறுநாள் பெரிய பேராசிரியர் வந்தார். வழக்கமாகக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசுகிறவர், அன்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் உங்களைப் பார்க்கவே இல்லை ஐயா. அத்தனை நேரமும் குறிப்பைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். உடம்பு தப்புன்னு சொன்னவங்களைப் பத்திச் சிரிச்சேன் பாருங்க... அந்த உயரமான நாற்காலியில நானே உக்காந்திருந்தேன்."

மாதிரியாருக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று இருந்தது. ஆனால் மனிதர் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். "விடுங்க ஐயா. நான் அவ்வளவு நல்லா நடிச்சதும் தப்புதானே?" என்றார்.

இனி மாதிரி நோயாளியைத் தேர்வுக்கு முன்னும் பின்னும் உண்மையான டாக்டர் ஒருவர் பார்க்க வேண்டும், யார் எந்தக் கையைத் தூக்கினாலும், தூக்காமல் வாயால் சொன்னாலும், தேர்வை நிறுத்த வேண்டும் என்று கல்லூரி முடிவு செய்தது. மற்ற மாணவர்கள் வரிசையாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். முழு மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அதிகமாக அழுதார்கள்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் பெரிய விரிவுரைக் கூடத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலி மாதிரியாருக்கு. எதிரே மாணவர்கள் படிக்கட்டில்கூட உட்கார்ந்திருந்தார்கள். மனைவி முன்வரிசையில்.

"கோப்பு கட்டிலோரத்துல இருந்தது," என்றார் பெரிய பேராசிரியர். "நல்லா இருக்கார்னு அதுல எழுதியிருந்தது. இந்தப் பெண் அதைத் திறக்கவே இல்லை. நோயாளியைத் தொட்டா, பார்த்தா, நம்பினா. முன்னோர் கட்டிலோரத்துல ஆரம்பிச்ச கல்விக்கு இவதான் வாரிசு. இதே தேர்வுல இவளை ரெண்டு தடவை தோற்கடிச்ச பெருமை எனக்கு உண்டு. அதுக்காக இந்தச் சபையில தலைகுனியறேன்."

கைதட்டல் ஓயவே இல்லை. மாதிரியாரின் மனைவி மேடையேறி அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, "நீ எனக்கு மக மாதிரி இல்ல, மகளேதான்" என்றாள். கூடமே கண்ணைத் துடைத்தது. அந்தப் பெண் மட்டும் வெளிறிப்போய், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

மாதிரியாரால் பொறுக்க முடியவில்லை. கைதட்டல் மறைவில் அவள் பக்கம் சாய்ந்தார்.

"எல்லாரும் ஏமாந்தாங்களேம்மா. நீ மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சே? கை சில்லுன்னு இருந்ததா? நாடி தாறுமாறா ஓடிச்சா?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உதடு அசையாமல் சொன்னாள்:

"நானும் நடிப்புன்னுதான் நெனச்சேன் ஐயா, முகத்துல உணர்ச்சியே இல்லைன்னு ரெண்டு தடவை ஃபெயில் போட்டாங்களேன்னு இந்தத் தடவை உயிரைக் குடுத்து நடிச்சேன், யாராவது 'போதும்மா'ன்னு சொல்லுவாங்கன்னு பார்த்துக்கிட்டே தள்ளிட்டுப் போனேன்... யாருமே சொல்லலை!"