உஷ் அண்ணனின் ஜீப்பும் எஸ்தர் அக்காவின் குரலும்

என் காரில் புதுப் பாட்டுப் பெட்டி மாட்டிய பிறகு, ஒரு மழைக்காலம் முழுவதும் அதன் துல்லியத்தை வியந்துகொண்டே இருந்தேன். வியந்ததோடு விட்டிருக்கலாம். ‘வாத்தியங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் விலகி நிற்கின்றன’ என்று இதே பக்கத்தில் எழுதியும் வைத்தேன். விலகித்தான் நின்றன. பாதி வாத்தியங்கள் காருக்குள்ளேயே வரவில்லை. வலப்பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு வயரே கொடுக்கப்படவில்லை என்பது எனக்கும் தெரியாது, அதைப் பாராட்டி எழுதிய வாசகர்களுக்கும் தெரியாது.

கண்டுபிடித்தவர் உஷ் அண்ணன். மாமனார் வழியில் வந்த ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற சாக்கில் நான் கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டில் குடியேறியிருந்த புதிது. சந்திப்பில் டீக்கடை முன்னால் காரை நிறுத்தி, ஊரும் அனுபவிக்கட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன். பக்கத்து ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஜன்னலுக்குள் தலையை விட்டு, நாடி பார்க்கும் வைத்தியர் போலக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. ஒங்க வண்டிக்குப் பக்கவாதம் வந்திருக்கு. எம்புட்டு நாளா இப்பிடிக் கெடக்கு?”

அன்றிலிருந்து சொல்கிறேன். கம்பத்து அடிவாரத்திலிருந்து இடுக்கி மலையுச்சி வரைக்கும் காது என்ற ஒன்று இருப்பது அவர் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கெல்லாம் இருப்பது மூக்குக் கண்ணாடி மாட்டுவதற்கான வசதி.

தொழில், ட்ரிப் ஜீப். காலையில் காலி வண்டியாகக் கம்பம் இறங்கி, ஏலத் தோட்ட வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவார். சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். அந்த மலைப்பாதையில் எல்லா ஜீப்பிலும் பாட்டு உண்டு. வளைவுக்கு அந்தப் பக்கம் வரும்போதே நம் நெஞ்சாங்கூடு அதிரும். ஹாரன் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. உஷ் அண்ணனுக்கு அதெல்லாம் அருவருப்பு. “பாட்டு வண்டிக்கு வெளிய கேட்டா அது ஒழுகுதுன்னு அர்த்தம் சார்” என்பார்.

அவரது லட்சியம், கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறும் ஒரு ஜீப்புக்குள், தம்புரா ஓசை தம்புரா ஓசையாகவே கேட்க வேண்டும் என்பது. டெல்லியில் உட்கார்ந்து கடல் மீன் பிடிக்கும் லட்சியம் இதைவிடச் சுலபம். முதலில், வலது ஸ்பீக்கர் பக்கத்திலும் இடது ஸ்பீக்கர் தூரத்திலும் இருப்பது அநியாயம் என்று சீட்டையே வண்டியின் நடுவுக்கு நகர்த்திப் போட்டு, ஸ்டீயரிங்கை எட்டிப் பிடித்து ஓட்டினார். எதிரே வந்தவர்கள், ஓட்டுநர் இல்லாத வண்டி வருவதாக நினைத்து ஓரம் கட்டினார்கள். பிறகு, கிட்டத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் தாமதித்துப் பாட வைக்கும் பெட்டி ஒன்று கிடைத்ததும்தான் சீட் பழைய இடத்துக்குப் போனது.

அடுத்தது பயணிகள். தகரம் ஒலியைத் திருப்பி அடிக்கும், கம்பளி உறிஞ்சும் என்று எங்கோ கேட்டுவிட்டார். அதன்பின் அந்த ஜீப்பில் யாரும் இஷ்டத்துக்கு உட்கார முடியாது. ஸ்வெட்டர் போட்டவர்கள் தகர ஓரம், மெல்லிய சேலைக்காரர்கள் நடுவில். தூக்குச் சட்டிகளைத் துண்டில் சுற்றி மடியில் வைக்க வேண்டும். சட்டி கிணுகிணுத்தால் வண்டி நிற்கும். யாராவது பேச வாயெடுத்தால் முன்சீட்டிலிருந்து ‘உஷ்’ என்று வரும். பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தக் கூட்டத்தில் பேச்சி என்று ஒருத்தி. பெயருக்குத் துரோகம் செய்யாதவள். ஒருநாள் பாதி மலையில் அவள் பொறுமை போயிற்று.

“ஏண்ணே, நாங்க தோட்டத்துக்கு வேலைக்குப் போறமா, இல்ல ஒங்க பாட்டுக்கு மெத்தையாப் போறமா?”

அண்ணன் பாட்டை நிறுத்தாமலே யோசித்தார். “ரெண்டுந்தான். நீ கொஞ்சம் அங்குட்டுத் தள்ளி உக்காரு, பேஸ் முட்டுது.”

எல்லோரும் அவர் வண்டியைத் திட்டினார்கள். ஆனால் காலையில் அவர் வண்டியில்தான் ஏறினார்கள். மற்ற ஜீப்புகளில் இறங்கிய பிறகும் காது ரீங்காரம் போடும். இவர் ஜீப்பில் தூக்கம் வரும்.

இப்படிக் கிறுக்கோடும் சந்தோஷத்தோடும் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு ஓர் அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை சோதனை வந்தது. அவர் மனைவி எஸ்தர் அக்கா, சபையின் பாடகர் குழுவில் ஆல்டோ. ராகத்தைப் பாடுகிறவர்கள் உச்சியில் போய்ப் பெயர் வாங்க, அடியில் நின்று தாங்குகிறவர்களைத்தான் ஆல்டோ என்பார்கள். சரியாகப் பாடினால் யாருக்கும் கேட்காது. தப்பாகப் பாடினால்தான் கேட்கும். வாரம் முழுவதும் ஏலக்காய் ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் அக்காவுக்கு, ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டாம் வரிசைதான் சொந்த இடம்.

பண்டிகைப் பாட்டைப் பதிவு செய்து எல்லோருடைய போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். அடுத்த வாரம் ஆராதனை முடிந்து, சபை வாசலில் கொயர் மாஸ்டர் தன் போனில் அதைப் போட்டுக் காட்டினார். எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருகைப் பதிவு எடுக்கும் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு குரலாக அடையாளம் சொல்லிக்கொண்டே வந்து எஸ்தர் அக்காவிடம் நின்றார். எத்தனை தடவை கேட்டும் அவர் குரல் மட்டும் வரவில்லை, வயதாகிவிட்டது, குற்றமில்லை, கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கீழே சபையாரோடு உட்கார்ந்து பாடட்டும் என்றார். நல்ல மனிதர்தான். ஆறுதலாக ஒன்று சேர்த்துக்கொண்டார்.

“கர்த்தருக்கு எங்கேருந்து பாடுனாலும் கேக்கும், எஸ்தர்.”

“கர்த்தருக்குக் கேக்குறது இருக்கட்டும்” என்றார் உஷ் அண்ணன். “எனக்கே கேக்குதே.”

சபை திரும்பிப் பார்த்தது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் பழக்க தோஷத்தில் ‘உஷ்’ என்றார். கடுகு டப்பா மூடி அளவு ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒரு ஆளை வரிசையிலிருந்து இறக்குவது நியாயமில்லை, என் ஜீப்பில் கேட்கட்டும், அதிலும் கேட்கவில்லை என்றால் நானே அவளைக் கீழே உட்கார வைக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து வாரங்கள் தொடங்குவதற்குள் என்று தவணையும் வாங்கிக்கொண்டார்.

அதன்பின் அவர் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. பண்டிகைப் பாட்டைப் பதிவு செய்த ஒலிபெருக்கிக்காரர் வீட்டுக்குப் போய், சுருக்காத மூலப் பதிவைப் பென் டிரைவில் வாங்கி வந்தார். இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஏலக்காய் நாட்டில் அதற்கு ஏலக்காய் விளக்கம்தான் கிடைக்கும்.

“போனுக்குப் போன் அனுப்பும்போது பாட்டச் சல்லடையில போட்டுச் சலிக்குறான் சார். பெருங்காய் மேல நிக்கும். பொடிக்காய் பூராம் கீழ விழுந்துரும். எஸ்தர் கொரலு பொடிக்காய்.”

உள்ளேயிருந்து, “ஸ்டோர்ல வந்து சொல்லிப் பாருங்க, யாரு பொடிக்காய்னு” என்று அக்கா குரல் வந்தது. அது எந்தப் பெட்டியும் இல்லாமலே துல்லியமாகக் கேட்டது.

கதவுத் தகரம் அதிர்கிறது என்று அடுத்த கவலை. அதற்கென்றே ஒட்டும் தாள்கள் கடையில் உண்டு. அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது நம் ஊர் ரப்பருக்கு உறைபோடக் காணாது என்று, கீழ்மலைத் தோட்டத்தில் புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டுகளை வாங்கிக் கதவுக்குள் அடுக்கி, மேலே பழைய கம்பளியைத் திணித்தார். ஜீப் ஒரு புகைக்கூண்டு போல நாறியது. எல்லைச் சோதனைச் சாவடியில் வழக்கம்போல அதிகாரி கதவைத் தட்டினார். மற்ற ஜீப்பெல்லாம் ‘டண்’ என்னும். இது ‘தப்’ என்றது. கடத்தல் சரக்கு இருக்கிறது என்று முடிவு செய்து, கதவைப் பிரித்துப் போடச் சொன்னார்கள். உள்ளே ரப்பரும் கம்பளியும் இருப்பதைப் பார்த்து அதிகாரி குழம்பி நிற்க, அண்ணனோ அந்த ‘தப்’பை இரண்டாவது முறை பாராட்டாகக் கேட்க ஆசைப்பட்டு, இன்னொரு தரம் தட்டச் சொல்லிக் கெஞ்சினார். அவரை ஜீப்பில் ஏற்றிப் பாட்டும் போட்டுக் காட்டினார். பின்னால் வாழைக்குலை லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. அதிகாரி இறங்கி, தன் ஆட்களிடம் மலையாளத்தில் ஒரே வரிதான் சொன்னார்.

“விட்டேக்கு, இவனு வட்டாணு.”

வட்டு என்றால் கிறுக்கு. அண்ணன் அதைச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்.

குறித்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, மலைக் காற்று எட்டாத ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தினார். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பேச்சியும் மற்றப் பெண்களும் விடுமுறை நாளில் பஸ் பிடித்து, ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வந்து இறங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை. மெத்தை இல்லாமல் பாட்டு எப்படிக் கேட்கும் என்றாள் பேச்சி. அவரவர் இடத்தில் ஏறி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்தார்கள். நடுவில் எஸ்தர் அக்கா, தூக்குமேடைக்கு வந்தவர் மாதிரி. கொயர் மாஸ்டருக்கு ஓட்டுநர் இருக்கை. என்னை இடது கதவோரம் அமர்த்தினார். என் இசை ஞானத்துக்காக என்று நினைத்தேன். “சார் தொந்தி நல்லா உறிஞ்சும்” என்று மாஸ்டரிடம் விளக்கினார்.

பாட்டு தொடங்கியது. அண்ணன் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் சரணம் போயிற்று. மாஸ்டர் முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதும் போயிற்று. அண்ணனின் விரல்கள் கம்பியில் வெளுத்துப்போயிருந்தன. மூன்றாம் சரணத்தின் நடுவில் ஒரு விரலை மட்டும் தூக்கினார்.

“அந்தா.”

“ஆமா, அக்காதான்” என்றாள் பேச்சி. எனக்கும் கேட்டது. உச்சிக் குரல் சோப்ரானோக்கள் வானத்தில் கூத்தடிக்க, அதற்கு அடியில் அவசரமில்லாமல், உலை மூடியைத் துணியால் பிடித்து இறக்குவது போன்ற ஒரு குரல். மாஸ்டர் மறுபடி போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எஸ்தர் அக்கா பக்கம் திரும்பி, கோளாறு தன் காதில்தான், கிறிஸ்துமஸ் கொயருக்கு வெள்ளைச் சேலையைத் துவைத்து வைக்கட்டும் என்றார்.

ஜீப்புக்குள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். தூக்குச் சட்டி ஒன்று உருண்டது. உஷ் அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு தடவைகூட ‘உஷ்’ சொல்லவில்லை.

பெண்களைப் பஸ் ஏற்றிவிட அவர் போயிருந்தபோது, அவர் வீட்டு அடுக்களை வாசலில் எனக்குப் பாலில்லாத கட்டன்காப்பி கிடைத்தது. அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது என்று மனதாரச் சொன்னேன். எஸ்தர் அக்கா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பண்டிகை அன்னைக்கு எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு தம்பி, வாயத்தான் அசைச்சேன். அதச் சொல்லுறதுக்குள்ள இந்த மனுசன் சபை முன்னால, எனக்குக் கேக்குதுன்னு சொல்லிட்டாரு. நீங்க பாட்டுக்கு எழுதிப்புடாதீங்க, பாவம், ஆசையாக் கேட்டாரு.”