கழுகுக் கண்ணரும் குண்டம்மாவின் ரத்தப்புழுவும்

உலகம் இதுவரை கண்ட ஆய்வு அதிகாரிகளில் தலைசிறந்தவன் நான். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் உண்மையை எத்தனை நாள்தான் மூடி வைப்பது? அலுவலகத்தில் எனக்குப் பெயரே 'கழுகுக் கண்ணர்'.

அதனால்தான் மாட்டுப் பண்ணையிலிருந்து புகார் வந்ததும் மேலிடம் என்னை அனுப்பியது. புழு மருந்து பண்ணை வரைக்கும் வருகிறது, மாட்டின் வாய்க்கு மட்டும் போவதில்லை, நடுவில் யாரோ விற்றுவிடுகிறார்கள் என்று புகார். கொடுத்தவர் அந்தப் பண்ணையின் கால்நடை மருத்துவர். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா.

அவர் என்னை நேராகத் தொழுவத்துக்கு அழைத்துப்போய் ஒரு பசுவைக் காட்டினார். பெயர் குண்டம்மா. விலா எலும்பை எண்ணிவிடலாம். ரத்தம் முழுக்கப் புழு, மருந்து இல்லாவிட்டால் இது தேறாது என்றார். நான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, உடம்புக்குள்ளேயே 'எதிர்ப்புச் சக்தி' என்று ஒரு காவல் படை இருக்குமே, அது என்ன செய்கிறது என்று அதட்டினேன்.

"புழு லேசுப்பட்டது இல்ல சார். மாட்டோட ரத்தத்துல இருக்கறதையே எடுத்து மேல பூசிக்கும். காவல்காரன் பாத்துட்டு, நம்ம ஆளுன்னு விட்டுடுவான். அப்படியும் பிடிச்சான்னா, மேல்தோலை மட்டும் அவன் கையில உரிச்சுக் குடுத்துட்டு நழுவிடும். அவன் அந்தத் தோலோட மல்லுக்கட்டிட்டு இருப்பான். போதாக்குறைக்கு, அவனை மந்தமாக்க ரத்தத்துல ஒரு சரக்கையும் கலந்துவிடும்."

வயிறு குலுங்கச் சிரித்தேன். இப்படியும் ஒரு முட்டாள் படையா? எங்கள் துறையாக இருந்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

என்ன தங்கமான மனிதர் அவர். என்னைப் போலவே கட்டம் போட்ட சட்டை, பையில் என்னைப் போலவே இரண்டு பேனா. நான் படித்த பள்ளியைச் சொன்னேன். அவரும் அங்கேதான் படித்தாராம். என் மனைவியின் ஊரைச் சொன்னேன். அந்த வழியில் தூரத்துச் சொந்தமாம். "நீங்க வேற, நான் வேறயா அண்ணே?" என்று அவர் கேட்டதும் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் கடமை என்று வந்துவிட்டால் தம்பியாவது, தூரத்துச் சொந்தமாவது. மருந்தறையைத் திறக்கச் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு நடந்திருக்கு அண்ணே, மறைக்க மாட்டேன். அந்தச் சுவர்க் கடிகாரம் மெதுவா ஓடுது."

விடுவேனா? கடிகாரத்தை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். மாட்டியவர் யார், பேட்டரி போட்டவர் யார், மேற்பார்வை யார் என்று அத்தனை பேரையும் வரவழைத்து விசாரித்து, கடைசியில் அதைச் சுவரிலிருந்தே இறக்கவைத்தேன். அதற்குள் மருந்தறைச் சாவியை வைத்திருந்தவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். சரி, அவருக்கும் குடும்பம் இருக்கும் அல்லவா?

பிறகு தம்பி சாப்பாடு போட்டார். மின்விசிறிக்கு நேர்கீழே மெத்தை நாற்காலி ஒன்றையும் இழுத்துப் போட்டார். அதில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் 'ஆழ்ந்து சிந்தித்தேன்'. எழுந்து வாயைத் துடைத்தபோது வழக்கு தெள்ளத் தெளிவாகிவிட்டது. ஒரே குடும்பம் போல இருக்கிற இந்தப் பண்ணையில் ஒட்டாத ஆள் ஒருவர்தான். டாக்டரம்மாவை உடனே வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று எழுதி, தம்பி நீட்டிய பேனாவிலேயே கையெழுத்துப் போட்டேன்.

டாக்டரம்மா பையைத் தூக்கிக்கொண்டு விடைபெற வந்தார். அழுவார் என்று பார்த்தால் சிரித்தார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"குண்டம்மாவுக்கு நானே வெளிய மருந்து வாங்கிக் குடுத்துட்டேன் சார், பொழச்சிக்கும். அதோட ரத்தம் ஏமாந்ததைக் குத்தம் சொல்ல முடியாது, பாவம், அதுக்குக் கண்ணு கிடையாது. உங்களுக்கு ரெண்டு இருக்கு. அதுக்கு மேல கண்ணாடியும் போட்டிருக்கீங்க."