அட்மிரலின் ஏகாந்தப் பயணம்

கடற்பயண வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய செய்தி ஒன்று அந்த ஞாயிற்றுக்கிழமை படகுத்துறை முழுவதும் பரவியிருந்தது: அட்மிரல் தம் நாற்பத்தைந்தடி உல்லாசப் படகைத் தன்னந்தனியாகக் கரைசேர்த்துக் கட்டப்போகிறார்.

அட்மிரல் என்பது மச்சினன் கேலிக்கு வைத்த பேர். மனிதர் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டு வெள்ளைத் தொப்பியும் வாங்கிவிட்டார். ஓட்டுவது, நிறுத்துவது, கட்டுவது எல்லாம் மச்சினன். தொப்பி போடுவது இவர். பார்த்துச் சலித்த மனைவி ஒருநாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"என் தம்பி என்ன உங்களுக்குப் படகோட்டியா? ஒரே ஒரு தடவை நீங்களே தனியா கொண்டுவந்து கட்டுங்க. முடியலையா, வித்துடுவோம்."

காலையில் மச்சினன் கயிற்றை அவிழ்த்துவிட, அட்மிரல் போனார். போவதற்கென்ன, கடல் பெரிது. திரும்பும்போதுதான் துறை சுண்டுவிரல் அகலத்துக்குச் சுருங்கித் தெரிந்தது. ஆனாலும் ரேடியோ மைக்கை எடுத்து, "அட்மிரல் வருகிறார். உதவிக்கு ஒருவரும் வரவேண்டாம்" என்றார். கரையிலிருந்த ஒலிபெருக்கியில் அது முழங்கியது. மைக்கைப் போட்டுவிட்டு ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதில் வரவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

காற்று படகின் மூக்கைத் தள்ளியது. அதைத் திருப்பினால் வால் விலகியது. வாலை இழுக்கப் பின்னோக்கிச் செலுத்தினால், படகு முழுசாகத் திரும்பிப் பக்கத்து மீன்படகை முட்டப் போனது. சக்கரத்தை விட்டால் படகு போய்விடும். விடாவிட்டால் கயிறு போடுவது யார்? ஆசனத்தைவிட்டு அசையாமல் சக்கரத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கரையில் மனைவி, மச்சினனோடு கூட்டம் வேறு. வெட்கத்தில் காது சுட்டது.

பக்கத்தில் ஆளில்லை, என்ஜின் இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மனம்விட்டுப் புலம்ப இதைவிடத் தோதான இடம் ஏது?

"சாமி, அந்த மீன்படகு மட்டும் அங்க இல்லாம இருந்தா..."

மீன்படகு நகர்ந்தது. அட்மிரல் கண்ணைக் கசக்கிப் பார்த்தார்.

"இடி தாங்குற ரப்பர் பந்தையெல்லாம் இடப்பக்கமா தொங்கவிட்டுத் தொலைச்சேன். இப்ப வலப்பக்கம் போய் இடிக்கப்போகுதே."

நாலுபேர் ஓடிவந்து துறைமேடையோரமாகப் பழைய டயர்களைத் தொங்கவிட்டார்கள். தெய்வம் இத்தனை சுருக்காகக் காது கொடுத்து அவர் பார்த்ததில்லை. ஒற்றைக் கையால் கும்பிட்டபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"புயல்ல படகைக் காப்பாத்தினேன்னு ஊரெல்லாம் சொன்னது பொய், சாமி. அன்னிக்குக் கீழே படுத்து வாந்தி எடுத்துட்டிருந்தேன். ஓட்டினது மச்சினன். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னதும் பொறாமையிலதான். ஒரு தடவையாவது இவ முன்னால மானத்தோட நிக்கணும். யாராவது கயித்தைப் பிடிச்சாப் போதும்."

மேடை விளிம்பில் மச்சினன் கொக்கிக் கழியோடு நின்றான். படகை இழுத்தான், கயிற்றைக் கட்டினான். தலையை நிமிர்த்தவே இல்லை.

என்ஜினை நிறுத்தக்கூடத் தோன்றாமல், அட்மிரல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெருமிதம்தான் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது.

"பாத்தியா?" என்று உட்கார்ந்தபடியே கத்தினார். "தன்னந்தனியா! உன் தம்பிதான் கேக்காமலே குறுக்கே வந்துட்டான்."

கூட்டம் மொத்தமும் தன் செருப்பைப் பார்த்தது. துறைக் காவலாளிதான் படகின் அருகே வந்தார்.

"ஐயா, மைக் பட்டன் மேல உக்காந்திருக்கீங்க. கொஞ்சம் எழுந்தீங்கன்னா, மத்த படகுக்காரங்களும் பேசிக்குவாங்க."